மதிலைத் தள்ளிய வைத்தியம்

“…பின்ன, மதிலை இடிச்சாத்தான் ஒங்களுக்க தோளு எறங்கும்ணா, மாசத்துக்கு ஒரு மதிலு நான் எங்க போய்க் கெட்டுவேன்? அதையும் அந்த கவுன்சலர் பெண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க!”

சொன்னவள் என் மனைவி விஜிலா. இடம், எங்கள் வீட்டுப் புறக்கடை. இடிந்து கிடந்த சிமென்ட் கட்டைகளுக்கு நடுவே, திருவிழாவில் தொலைந்துபோன ஆளைப் போல நான் நின்றுகொண்டிருந்தேன். புதுக் கட்டை ஏற்றிய டிப்பர் லாரி எந்த நேரமும் வந்துவிடும். நான் பயந்தது அந்த லாரிக்குத்தான். (மதில் போனதுகூட அப்புறம்தான்.)

லாரியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். பாறசாலைக்கும் பெருங்கடவிளைக்கும் இடையே உள்ள டீக்கடைகளுக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்தான்) சிப்ஸ் போடுகிறவன் நான். ஒரு ஸ்கூட்டர், ஒரு வாய், இவ்வளவுதான் என் தொழிற்கூடம். சிப்ஸ் பாக்கெட்டோடு கடைக்கொரு பழஞ்சொல்லும் இலவசம். மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் ஹைவேயில் ஒரு டிப்பர், காது கிழிய ஹாரன் அடித்தபடி, என்னை உரசாத குறையாகக் கடந்து போனது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாக்கில் ஒரு சிப்ஸ்கூட நொறுங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து லாரி ஹாரன் கேட்டாலே தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். கழுத்து ஆமையைப் போல உள்ளே போய்விடும். கை ஹேண்டில்பாரில் உறைந்துவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பெல்லாம் அருமையாக இருப்பதாகப் பாராட்டி அனுப்பிவைத்தார்.

அப்புறம் விஜிலாதான் ஸ்கூட்டர் ஓட்டினாள். நான் பின்சீட்டில் சிப்ஸ் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெருங்கடவிளை முக்கில் டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கூவுவார்: “எலே, இண்ணைக்கும் சாக்கு ரெண்டு உண்டு கேட்டியளா!” (இரண்டாவது சாக்கு நான்தான்.)

விஜிலா தையல்காரி. ஓணத்துக்குத் தைக்க வாங்கிய பிளவுஸ் துணியெல்லாம் மெஷின் பக்கத்தில் மலையாகிக்கொண்டிருந்தது. அவள் கெடு வைத்தாள். “ஓணம் வரை ஓட்டுவேன். அதுக்குப் பொறவு ஒண்ணு நீங்க வண்டி எடுக்கணும், இல்லேண்ணா யாவாரத்தை நிறுத்தணும். நான் தையலை விட்டுட்டு சிப்ஸ் சுமக்கப் பெறந்தவளில்லை ஆக்கும்.”

அப்போதுதான் நெய்யாற்றின்கரைப் பக்கம் தனியாக கவுன்சலிங் நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உடம்பு வழியாக மனசைப் பார்க்கிற சிகிச்சையாம். போனிலேயே முகம் பார்த்துச் செய்வாராம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மணி நேரம் நான் பேச, ஒருவர் எழுந்து போகாமல் கேட்கப்போகிறார்!

அங்கேதான் ஏமாந்தேன்.

எங்கள் வீட்டில் போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும் ஒரே இடம் புறக்கடை மதிலோரம். மதிலுக்கு அந்தப்புறம் சுதாகரன் அளியனின் வீடு. (மனைவியின் அண்ணனை எங்கள் பக்கம் அளியன் என்போம்.) கொத்தனாரை வைக்காமல், அஸ்திவாரமும் தோண்டாமல், அளியன் தன் கையால் கட்டிய மதில் அது. நாட்டில் எவர் வீட்டு மதிலையும் குறை சொல்லிவிட்டுத்தான் அவர் அடுத்த வேலையைப் பார்ப்பார். சிகிச்சை விஷயத்தை அவரிடமிருந்து மறைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்தால் பாறசாலை ஸ்டேஷனில் ரயில் அறிவிப்போடு சேர்த்துச் சொல்லிவிடுவார்.

மதிலோரம் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் கவுன்சலர் புன்னகைத்து, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகக் கேட்டார்.

“சேட்டா, லாரி ஹாரனை நினைக்கும்போது உடம்பில் எங்கே என்ன தெரியுது?”

“அதாவது மேடம், சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுண்ணு சொல்லுவாவ. எங்க ஊர்ல ஒரு ஆளு…”

“பூனை வேண்டா சேட்டா. தோள்?”

“தோளா? தோளுக்கு மேல வளந்தா தோழன்ணு…”

“சேட்டா.” அவர் மூச்சை ஆழமாக இழுத்தார். (மூச்சுப் பயிற்சி எனக்கா, அவருக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.) “பழஞ்சொல்லு வேண்டா. கதை வேண்டா. கண்ணை அடைங்க. காலைத் தரையில் ஊணி, உள்ளே என்ன நடக்குதுண்ணு சும்மா நோக்குங்க.”

சும்மா! நாற்பத்தாறு வருஷமாக நான் செய்யாத ஒரே காரியம். கண்ணை மூடினால் நாக்கு துடிக்கிறது. வாயை மூடினால் கால் ஆடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கவுன்சலர் எப்படியோ என்னிடமிருந்து ஒரு உண்மையைப் பிடுங்கினார்: கை எதையோ தள்ளத் துடிக்கிறது.

“அதாணு!” என்றார். “அந்த நேரம் லாரியைத் தள்ள உடம்பு ஆசைப்பட்டது, முடியல்ல. அது உள்ளேயே நிக்குது. பக்கத்தில் சுவர் உண்டோ? ரெண்டு கையும் வச்சு மெள்ளெ, ரொம்ப மெள்ளெத் தள்ளுங்க. பேடிக்கண்டா சேட்டா, நான் கூட உண்டு.” (பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன் என்பதைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொன்னார்.)

மெள்ளெ என்றுதான் சொன்னார். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் உள்ளங்கை மதிலில் பட்டதும் எனக்கு டிப்பர் தெரிந்தது. டீக்கடைக்காரர் தெரிந்தார். இரண்டாவது சாக்கு தெரிந்தது. ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்று முணுமுணுத்துக்கொண்டு, குதிகாலிலிருந்து பலத்தைத் திரட்டி ஒரு தள்ளு தள்ளினேன்.

அம்மிக்கு அடி மேல் அடி வேண்டும். அளியன் கட்டிய மதிலுக்கு ஒன்று போதும். இடவப்பாதி மழையில் ஊறிக் கிடந்த அது, ‘பொதுக்’ என்று மாடு படுப்பதுபோல் அந்தப் பக்கம் படுத்தது.

மதில் மறைத்திருந்த இடத்தில், பின்னால் துள்ளித் தப்பிய அளியன் நின்றார். தலை நிறைய எண்ணெய், இடுப்பில் தோர்த்துத் துண்டு, முகமெல்லாம் சேறு. ஒட்டுக்கேட்ட ஒரு காது மட்டும் இன்னும் இந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்தது.

“எடீ விஜிலா, ஓடி வாடீ!” என்று அலறினார். “ஒனக்க மாப்பிள போன்ல ஒருத்தியிட்ட கொஞ்சிக்கிட்டு நிக்கியான்! ‘பேடிக்கண்டா, நான் கூட உண்டு’ங்கியா! கேக்கலாம்ணு வந்தா எனக்க மதிலைத் தள்ளி என்னைக் கொல்லப் பாக்கியான்!”

“அண்ணா, அது டாக்டர் மாதிரி,” என்றாள் ஊசியும் நூலுமாக ஓடிவந்த விஜிலா. “லாரிப் பயத்துக்கு வைத்தியம்.”

“வைத்தியமா? மதிலுக்கு என்ன வியாதி?”

உரலிலிருந்து விழுந்து, சேற்றில் வானத்தைப் பார்த்துக் கிடந்த போனிலிருந்து நிதானமான குரல் வந்தது: “சேட்டா, கேக்குதா? இப்போ தோள் எப்படி?”

தொட்டுப் பார்த்தேன். தோள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு. ஒரு பழஞ்சொல்லாவது சொல்லலாம் என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை.

“எறங்கிட்டு,” என்றேன்.

“மாப்பிளைக்குப் பேச்சு நிண்ணு போச்சு!” என்று அளியன் இன்னும் பயந்தார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் கல்யாண வீடோ மரண வீடோ, யாராவது முகத்தை உம்மென்று வைத்திருந்தால் அளியன் சொல்கிற வாக்கு ஒன்றுதான்: “எலே மக்கா, அவனுக்கு ஒரு மதிலு காட்டிக் குடு. ஆனா எனக்க மதிலு வேண்டாம்.” அதன்பிறகும் சிகிச்சை பல வாரம் நடந்தது. கவுன்சலர் சுவர் என்ற சொல்லை மறுபடி எடுத்ததே இல்லை.

சரி, ஆரம்பத்தில் சொன்ன அந்த லாரி. விஜிலா அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்ததுமே கட்டை ஏற்றிய டிப்பர் எங்கள் முடுக்கில் பின்பக்கமாக நுழைந்து, ஊரே நடுங்க ஹாரன் அடித்தது. அளியன் லாரியைப் பார்க்கவில்லை. விஜிலாவும் பார்க்கவில்லை. இருவரும் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள்.

கழுத்து பாதி உள்ளே போனது. பாதத்தைத் தரையில் ஊன்றினேன். டிரைவர் இன்னொரு தடவை அடித்தார். கழுத்து கொஞ்சம் யோசித்தது. பிறகு, வேண்டா வெறுப்பாக, மெள்ள வெளியே வந்தது.

விஜிலா இடுப்பில் செருகியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சிப்ஸ் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய், பின்சீட்டில் ஏறி, அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.