இரண்டு அங்குலம் குறைந்த கோட்டு

செய்த தப்பை ஒத்துக்கொண்டுவிடுவது என்று தையல்காரர் முடிவு செய்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில், முதல் முறையாக. யாரிடம், எவ்வளவு சத்தமாக என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

தப்பு அப்படியொன்றும் பெரியதில்லை. இரண்டு அங்குலம்தான். கடையில் அளவெடுத்துச் சீட்டில் எழுதுவது மனைவி, வெட்டுவது அவர். பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் கோட்டுக்கு முப்பத்தெட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதித் துணியோடு குத்தியும் வைத்திருந்தாள். இவர் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் கண்ணே டேப்பு!" என்று போன வருஷத்து நினைப்பில் முப்பத்தாறாக வெட்டித் தள்ளிவிட்டார். டீச்சர் போட்டுப் பார்த்தார். பட்டன் ஏறியது. மூச்சு இறங்கவில்லை.

அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "இவதாங்க டீச்சர், எட்டை ஆறுன்னு எழுதிட்டா" என்று, கடையில் இருந்த நாலைந்து பேர் கேட்க, பக்கத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவியைக் காட்டிவிட்டார்.

அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதன்பிறகு டேப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "திங்கக்கிழமையிலிருந்து ரெடிமேட் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்."

இருபத்துநாலு வருஷமாகச் சேர்ந்து ஓடிய இரண்டு மெஷினில் ஒன்றுக்கு உறை போட்டாயிற்று. மற்றது தனியாக ஓடும் சத்தம் அவர் காதுக்கே அசிங்கமாக இருந்தது. குப்பைத் துணிக்குள் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு. சின்னப் பிள்ளைகூடத் தப்பாகப் படிக்காது.

மத்தியானம் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா... அந்தக் கோட்டு... தப்பு என்னோடதுதான்."

"எனக்குத் தெரியாதா? அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

ஒழுங்காக ஆரம்பித்த மனுஷன் இங்கேதான் வழுக்கினார்.

"சொல்லிட்டேனே! நேத்தே சொல்லிட்டேன்."

"எங்க வச்சு?"

"பஸ் ஸ்டாப்புல."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. எல்லாருக்கும் வர்றதுதானேன்னாங்க. உன்னைக்கூட ரொம்ப விசாரிச்சாங்க."

"அப்படியா?" அவள் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "காலைல நீங்க நூல் வாங்கப் போனப்ப டீச்சர் வந்தாங்க. 'இனிமேயாவது பார்த்து எழுதும்மா'ன்னு எனக்குப் புத்தி சொன்னாங்க. தலையை ஆட்டிட்டு, உள்தையலைப் பிரிச்சு சரி பண்ணிக் குடுத்து அனுப்பினேன்."

அவர் முகம் தொங்கிப்போனது. செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். ஆசிரியர் அறையில் நாலு டீச்சர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினார். அவளைத் தனியாகவா கைகாட்டினேன் என்று நினைத்ததும் குரல் தானாக உயர்ந்தது.

"டீச்சர், அவ சரியாத்தான் எழுதினா. பார்க்காம வெட்டினது நான். பழியை அவ மேல போட்டதும் நான். அவளைப் போய் நீங்க திட்டும்படி ஆயிடுச்சு."

"நான் திட்டினேனா?" டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க முப்பத்தெட்டுன்னு எழுதறதைப் பக்கத்துல நின்னு பார்த்தவளே நான்தானே!"

"நீங்களாவது அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். இல்லைன்னா திங்கக்கிழமை கம்பெனிக்குப் போயிடுவா."

"எந்தக் கம்பெனி? திங்கக்கிழமை எங்க நாலு பேருக்கும் அளவெடுக்க வர்றதா காலைலயே சொன்னாங்களே. தப்பை ஒத்துக்க நீங்க இன்னைக்கு ரெண்டு மணிக்கெல்லாம் இங்க வந்துடுவீங்கன்னும் சொன்னாங்க. ஏன் சார் இவ்வளவு லேட்டு?"