வழிகாட்டிக்கே வழி காட்டுபவர்

காசு கொடுத்து வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, பிறகு அவருக்கே வழி காட்டுகிற ஓர் இனம் உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் ஆர்ல் ஊரில் கோடை பிறந்ததும் முதலில் சிள்வண்டு கத்தும், அடுத்து இவர்கள். ரோமானியர்கள் எங்கள் வட்ட அரங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோதே இவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்று, "அந்தக் கல்லை ஒரு விரக்கடை தள்ளுங்கப்பா" என்று சொல்லியிருப்பார். தள்ளியும் இருப்பார்கள், இல்லாவிட்டால் வேலை இன்றுவரை முடிந்திருக்காது.

ஒனோரே பார்பரூ இந்த இனத்தின் தலைமகன். ஓய்வுபெற்ற நில அளவை அதிகாரி. பிறந்து வளர்ந்த ஊரையே சுற்றிப் பார்க்க அவர் சீட்டு வாங்கியதற்குக் காரணம் மதாம் ஒதில்: எங்களோடு சுற்ற வந்த பக்கத்து நீம் நகரத்து விதவை, அழகாகச் சிரிப்பவர். பகல் சாப்பாட்டில் அவருக்கு அடுத்த நாற்காலியைப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் லட்சியம். அதற்கு வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். முடிகிற காரியமா?

அரங்கத்தில் வழிகாட்டிப் பெண் மகாலி ஆரம்பித்தாள்: "இதுல இருபதாயிரம் பேர்..."

"இருபத்தோராயிரம். நீம்ல இருக்கறதவிட பெருசு. அது வெறும் சாலட் கிண்ணம்," என்றார் ஒனோரே.

"எங்க கிண்ணம் உடையாம இருக்கு, முசியே," என்றார் ஒதில்.

வேறு யாராயிருந்தாலும் அடங்கியிருப்பார். தன் காதையே அறுத்துக்கொண்ட அந்தப் புகழ்பெற்ற ஓவியரைச் சேர்த்திருந்த பழைய மருத்துவமனைத் தோட்டத்துக்கு வந்தோம். அவர் அறுத்துக்கொண்டது இடது காது என்றாள் மகாலி.

"வலது. அவரே தன்ன வரைஞ்ச படத்துல கட்டு அந்தப் பக்கம்தானே?" என்றார் ஒனோரே.

"கண்ணாடியப் பாத்து வரைஞ்சா மாறித்தான் தெரியும். நீங்க கண்ணாடி பாக்காமலா முகம் வழிக்கிறீங்க?" என்றார் ஒதில்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக்கூட இவ்வினம் பொறுக்கும். தோற்ற வாதத்தோடு சாப்பிடப் போவதைப் பொறுக்காது. நாங்கள் உணவகத்துக்கு நடக்க, ஒனோரே ஒரு ஜெர்மானியத் தம்பதியை மடக்கி, காற்றில் தொப்பி பறந்துபோனதும் தெரியாமல், காதின் வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

எங்கள் ஊரில் சாம்ராஜ்யம் சரிந்திருக்கிறது. இரண்டு மணிக்கு அடுப்பை அணைக்கும் வழக்கம் மட்டும் ஒருநாளும் சரிந்ததில்லை. அவர் மூச்சிரைக்க நுழைந்தபோது ஒதிலுக்கு அடுத்த நாற்காலியில் மகாலி உட்கார்ந்து, காளைக்கறிக் குழம்பின் கடைசிச் சொட்டை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப அணைச்சாச்சு, முசியே. ரெண்டு மணி," என்றார் கடைக்காரர்.

கெஞ்சியிருந்தால் ஒரு கரண்டி கிடைத்திருக்கும். ஒனோரே சுவரைப் பார்த்தார்.

"உங்க கடிகாரம் ஒரு நிமிஷம் முந்தி ஓடுது."

கடைக்காரர் விளக்கையும் அணைத்தார்.

ஒதில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்து நீட்டினார். "இத மென்னுக்கிட்டே வாங்க. மெல்லற வரைக்கும் என் பக்கத்துல நடக்கலாம்."

அன்று மாலைவரை, ரோமானியக் கல்லறைகளின் நடுவே, ஒரே ரொட்டியை விழுங்காமல் மென்ற மனிதரை நான் கண்ணால் கண்டேன். மகாலி தன் வாக்கியங்களை முதல் முறையாக முடித்தாள்.

உங்களைச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கும்போதே எங்கேயோ ஓரிடத்தில், "அது அப்படி இல்லையே" என்று உதடு பிரிந்ததா? பரவாயில்லை, திருத்தத்தை எழுதி அனுப்புங்கள். முதலில் போய்ச் சாப்பிட்டுவிடுங்கள்.