மிஸஸ் கில்லன் தோற்க மறுத்த வருஷம்

மிஸஸ் கில்லன் எட்டுக் குதிரை நீளத்தில் ஜெயித்துவிட்டாள் என்று ஒலிபெருக்கி சொன்னதும், மலாக்கி டூஹி ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த வெளியூர்க்காரர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

மிஸஸ் கில்லன் என்பது குதிரை. மாமியாரின் பெயரைத்தான் வைத்திருந்தார். அந்த அம்மாள் தன் ஆயுளில் யாரையும் தனக்கு முன்னால் போகவிட்டதில்லை, நற்கருணை வாங்கும் வரிசையில்கூட. பெயர் வைத்தபோது இதை யோசித்திருக்க வேண்டும்.

"நாசமாப் போச்சு," என்றார் மலாக்கி, தொப்பிக்குள்ளிருந்து.

"ஜெயிச்சதுக்கா ஒப்பாரி வைக்கிறே?" என்றாள் மனைவி பிரிஜித்.

"ஜெயிச்சதுக்குத்தான்."

"இந்த ஒரு நாளாவது கொஞ்சம் சிரிச்சுத் தொலையேன்யா."

பாலிகோர்ம் ஊர்க்காரர்களுக்கு இந்த அழுகை புரியும். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பண்ணையார்கள் குடித்துவிட்டு வாக்குவாதம் பண்ணி, இந்த ஊர்க் கோயில் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோயில் கோபுரம்வரை குதிரை விட்டார்கள். நடுவில் வேலி வந்தால் வேலி, பன்றிப்பட்டி வந்தால் பன்றிப்பட்டி, எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். ஜெயித்தவர் போன வேகத்தில் நிற்க முடியாமல் கோயிலுக்குள்ளேயே புகுந்து, அங்கே நடந்த கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். பதிவேட்டில் இன்னும் இருக்கிறது, குளம்படியும் இருக்கிறது. அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை கோபுரப் பந்தயம். மூடுபனியில் ஓடிய ஒரு வருஷம் மூன்று குதிரைகள் திரும்பி வரவே இல்லை. அதில் ஒன்று மட்டும் செவ்வாய்க்கிழமை பக்கத்து மாவட்டச் சந்தையில் நல்ல விலைக்குப் போனதாகத் தகவல்.

பின்னால் நியாயம் பார்க்கிறவர்கள் வந்து ஒரு விதி போட்டார்கள். நல்ல குதிரை அதிக எடை சுமக்க வேண்டும், மட்டமான குதிரை குறைவாகச் சுமந்தால் போதும். சேணத்தில் ஈயத் தகடு செருகி எடையைச் சரிக்கட்டுவார்கள். குளிர்காலத்துச் சின்னப் பந்தயங்களை வைத்து, கோபுரப் பந்தயத்தில் எந்தக் குதிரைக்கு எத்தனை ராத்தல் என்று பங்குனி வாக்கில் எடைக்காரர் ஒரு பட்டியல் போடுவார். ஆகவே குளிர்காலம் முழுக்க, தன் குதிரை உதவாக்கரை என்று நிரூபிக்கப் பாடுபடுவதுதான் பாலிகோர்மில் கண்ணியமான உழைப்பு. டூஹி குடும்பத்துக்கு அது தாத்தா காலத்திலிருந்து வந்த சொத்து.

எடை பார்க்கும் அறைச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை. கோபுரப் பந்தயத்தில் ஜெயித்த குடும்பங்களின் பெயர் அதில் பொன்னெழுத்தில் இருக்கும். இரண்டாவதாக வந்தவர்களுக்கு அதில் இடமில்லை. டூஹி குடும்பம் இரண்டாவதாக வந்தது ஏழு தடவை. தாத்தா மூன்று, அப்பா மூன்று, மலாக்கி ஒன்று. அப்பாவின் சவப்பெட்டிகூட அன்றைக்குக் கல்லறைக்கு இரண்டாவதாகத்தான் போய்ச் சேர்ந்தது. மலாக்கிக்கு வயது அறுபத்தொன்பது, பிள்ளைகள் இல்லை. குதிரைக்குப் பன்னிரண்டு. இந்த வருஷத்தை விட்டால் பலகையில் டூஹி என்று எழுத வேலையே இல்லை.

அதனால்தான் நாலு வருஷமாக ஒரு பந்தயமும் ஜெயிக்காத லோர்கன் என்ற சவாரிக்காரனைத் தேடிப் பிடித்திருந்தார். அவன் மூன்றாவது தடுப்பிலேயே கடிவாளத்தைத் தவறவிட்டுவிட்டு, கண்ணை மூடி, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டிருக்கிறான். பிடித்து நிறுத்த ஆளில்லாத மிஸஸ் கில்லன் தன் இஷ்டத்துக்கு ஓடினாள்.

"முதலாளி, நான் ஒண்ணுமே பண்ணலை," என்றான் லோர்கன்.

"அதான்டா தப்பு."

ஒரே ஆறுதல், எடைக்காரர் மிஸ்டர் ஹோயி இதைப் பார்க்கவில்லை. பழுப்புத் தொப்பி போட்ட சின்ன மனிதர். எந்தப் பந்தயத்திலும் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பன்றிக்கறி வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருப்பார். இந்த ஆள் எடை போடுகிற லட்சணம் இதுதானா என்று மலாக்கி மனதுக்குள் நன்றி சொன்னார்.

அடுத்த பந்தயத்தன்று காலை குதிரைக்கு ஒரு வாளி வெந்த உருளைக்கிழங்கும் அரை வாளி கறுப்பு பீரும் கொடுத்தார். மிஸஸ் கில்லன் மூச்சு விடாமல் குடித்துவிட்டு, ஓட்டம் தொடங்கியதும் நடக்க ஆரம்பித்தாள். மலாக்கிக்கு அந்தக் குளிர்காலத்திலேயே முதல் தடவையாகப் பசித்தது. ஆனால் முன்னால் போன குதிரை கொடிக்கம்பத்தின் தப்பான பக்கமாகத் திரும்ப, மற்ற ஐந்தும் அதன் பின்னாலேயே போய்விட்டன. ஆறையும் தள்ளுபடி செய்தார்கள். கால் மணி நேரம் கழித்து மிஸஸ் கில்லன் வழியில் கொஞ்சம் புல் மேய்ந்துவிட்டு வந்து சேர்ந்து, சட்டப்படி ஜெயித்தாள். மலாக்கி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு விம்மினார். பத்தடி தள்ளி ஹோயி ரொட்டி மென்றுகொண்டிருந்தார்.

இனிப் பொடியன்களோடு விட்டால் ஆகாது என்று, தலைநகரத்துப் பெரிய குதிரைகள் ஓடும் பந்தயத்தில் பெயர் கொடுத்தார். அங்கே கடைசி இடம் நிச்சயம். ஃபாதர் மெல்டனிடம் சொல்லி, தோற்பதற்காக ஒரு பூசையும் வைக்கச் சொன்னார். ஃபாதர் யோசித்துவிட்டு, பணிவுக்காக என்று பெயர் மாற்றி வைத்துக் கொடுத்தார்.

கடைசித் தடுப்புக்கிட்டே பெரிய குதிரைகள் முப்பது நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, ஆயரை வரவேற்க வந்த பேண்டு வாத்தியக் கோஷ்டி ஆயர் வந்துவிட்டார் என்று நினைத்து முழு மூச்சில் வாசித்துவிட்டது. பெரிய குதிரைகள் மிரண்டு நாலு திசைக்கும் பறந்தன. ஒன்று ஆயரின் காரையே தாண்டியது. பிரிஜித்தின் தம்பி தினமும் லாயத்தில்தான் காது கிழியத் துருத்திக்குழல் வாத்தியம் பழகுவான் என்பதால், மிஸஸ் கில்லனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமாகவே படவில்லை. நேரே போய் முதலாவதாக வந்தாள்.

மலாக்கி இந்தத் தடவை உட்காரவில்லை, படுத்துவிட்டார்.

"எழுந்திரு, பார்க்கிறாங்க. சிரிக்காட்டியும் பரவாயில்லை, மூஞ்சியையாவது துடை," என்றாள் பிரிஜித்.

"யார் பார்த்தா என்ன, பார்க்க வேண்டியவன் பார்க்கலையே," என்றார் அவர். பழுப்புத் தொப்பி அன்றைக்கும் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றது. அந்த ஒரு நம்பிக்கைதான் மிச்சம்.

பட்டியல் வந்தது. மிஸஸ் கில்லன், நூற்று அறுபத்தெட்டு ராத்தல். அதற்கு மேல் போட விதியிலேயே இடமில்லை. கசாப்புக் கடை ஹாக்கெட்டின் குதிரையும் குளிர்காலத்தில் மூன்று பந்தயம் ஜெயித்திருந்தது, நியாயமாக ஓடியே ஜெயித்தது. ஒவ்வொரு தடவையும் ஹாக்கெட் கழுதை மாதிரிச் சிரித்து, எதிரே வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தான். அதற்கு நூற்று நாற்பத்து மூன்று. மலாக்கி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எண் மாறவில்லை.

கோபுரப் பந்தயத்தன்று மிஸஸ் கில்லன் ஈயக் கடை ஒன்றையே முதுகில் சுமந்துகொண்டு ஓடினாள். அப்படியும் கடைசித் தடுப்புவரை அவள்தான் முன்னால். மலாக்கி எழுந்து நின்றார். பலகையில் பெயரைத் தப்பாக, இரண்டு 'டூ' போட்டு எழுதிவிடப் போகிறார்களே என்றுகூட ஒரு கவலை வந்தது. இருபது கெஜம் இருக்கும்போது ஹாக்கெட்டின் குதிரை பக்கத்தில் வந்தது. கோட்டில் அது மூக்கை நீட்டியது. மிஸஸ் கில்லனுக்கு நீட்ட மூக்கு மிச்சமில்லை.

எட்டாவது தடவை.

பொன்னெழுத்து எழுதுகிறவர் ஏணியில் ஏறி ஹாக்கெட் பெயரை எழுத ஆரம்பித்தபோது, அறை மூலையில் பழுப்புத் தொப்பி தெரிந்தது. மலாக்கி போய் எதிரே நின்றார். சண்டை போடத் தெம்பில்லை.

"மிஸ்டர் ஹோயி, மூணுல ஒரு ஓட்டத்தைக்கூட நீங்க திரும்பிப் பார்க்கலை. எதை வச்சு என் குதிரைக்கு எடை போட்டீங்க?"

ஹோயி மடியிலிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பழைய நோட்டை எடுத்து, டூஹி என்று போட்ட பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"குதிரையைப் பார்த்து என்னங்க தெரியப்போகுது, நான் குதிரைக்காரங்க மூஞ்சியைத்தான் பார்ப்பேன்," என்றார். "எனக்கு முன்னாடி இருந்தவரும், அவருக்கு முன்னாடி இருந்தவரும், உங்க குடும்பத்துக்கு ஒரே வரியைத்தான் எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க: 'ஜெயிச்சா அழுவாங்க, இருபத்தஞ்சு ராத்தல் கூட்டு.'"