மூன்று தரம் பார்த்து வாங்கிய ஸ்போரன்

டூகல்ட் மெக்அஸ்கில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்குச் செத்துப்போன நீர்நாயை இடுப்பில் கட்டிக்கொண்டு போவதில்லை.

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றும் பாவாடை, எட்டு கஜம் கம்பளி. அந்த எட்டு கஜத்தில் ஒரு பாக்கெட் வைக்கலாமே என்று ஸ்காட்லாந்தில் எந்தத் தையற்காரருக்கும் இதுவரை தோன்றியதில்லை. அதனால்தான் முன்பக்கம் சங்கிலியில் ஒரு தோல் பை தொங்குகிறது. பெயர் ஸ்போரன். சாவி, கைக்குட்டை, மானம் எல்லாவற்றுக்கும் அதுதான் பொறுப்பு.

டூகல்டின் ஸ்போரன் மாமனார் வழியில் வந்தது. நிஜ நீர்நாயின் தலைதான் அதற்கு மூடி. இரண்டு கண்ணாடிக் கண்கள், பூச்சி அரித்த மீசை. பெண் கேட்டுப் போன அன்று மாமனார் எப்படிப் பார்த்தாரோ, அந்த நீர்நாயும் அப்படியே பார்க்கும். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். பார்வை மட்டும் மருமகன் இடுப்பிலேயே தங்கிவிட்டது. சரி, பார்த்துத் தொலைக்கட்டும் என்றால் உள்ளே இடமும் கிடையாது. ஒரு கைக்குட்டை போகும். அதுவும் இஸ்திரி போட்டு மடித்தால்.

அவருக்கு வேண்டியதோ ஒரு குப்பிக்கான இடம். சந்தை நண்பர்கள் பரிசாகக் கொடுத்த வெள்ளிக் குப்பி அது. அதில் விஸ்கி ஊற்றிக்கொண்டு, மகளை மாப்பிள்ளை கையில் ஒப்படைத்துவிட்டு, சர்ச்சுக்குப் பின்னால் தனியாக நின்று ஒரு மடக்குக் குடித்து, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழ வேண்டும். ஒரு தகப்பனுக்கு இந்தச் சின்ன ஆசைகூடவா இருக்கக் கூடாது? ஆனால் டாக்டர் ரத்த அழுத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மனைவி இஷ்பெல் அதைச் சட்டமாக்கிவிட்டாள். கல்யாணத்தன்று அரை கிளாஸ், வாழ்த்துச் சொல்லும்போது மட்டும், அதுவும் அவள் கண் முன்னால்.

டூகல்ட் கோழை இல்லை. இன்வர்னஸுக்கு வடக்கே மாட்டுச் சந்தையில் ஏலம் விடுபவர். ஏல வளையத்துக்குள் அவர் குரல் எழும்பினால் காளைகூட ஒதுங்கி நிற்கும். வாங்குபவன் தயங்கினால் அதற்கும் ஒரு வித்தை வைத்திருந்தார். பின்னால் யாரோ கை தூக்கிவிட்டதுபோல வெறும் சுவரைப் பார்த்துத் தலையாட்டுவார். அவ்வளவுதான், விவசாயி பதறிப்போய் மேலே கேட்பான். சுவரோடு போட்டி போட்டு மாடு வாங்கினவர்களின் கதையைத் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இஷ்பெல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவள் கற்றுக்கொள்ளவும் கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் போர் தொடங்கியது.

"இஷ்பெல், நான் புது ஸ்போரன் வாங்கப் போறேன்."

"எங்க அப்பாவோட நீர்நாய்க்கு என்ன கேடு?"

"அது செத்துப்போச்சு."

"அது செத்து அறுபது வருஷம் ஆச்சு. இப்பதான் துக்கம் விசாரிக்கிறியா?"

"மீசையெல்லாம் கொட்டிடுச்சு, பாரு."

"உனக்கு முடியெல்லாம் கொட்டிடுச்சு. அதுக்காக நான் புது ஆளா வாங்கப் போனேன்?"

டூகல்ட் கரண்டியை மேஜையில் தட்டினார். சந்தையில் தட்டும் பழக்கம். "இதுல நீ தலையிடாத. கில்ட் ஆம்பளைங்க சமாச்சாரம்."

இஷ்பெல் தீவுக்காரி. கேலிக் மொழி பேசி வளர்ந்தவள். கஞ்சியில் உப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஸ்போரன்னா எங்க பாஷையில என்ன அர்த்தம், தெரியுமா? பர்ஸ். இந்த வீட்டுல பர்ஸ் எப்ப ஆம்பளைங்க சமாச்சாரம் ஆச்சு?"

அவர் வாயைத் திறந்தார். ஏலத்தில் ஒரு மூச்சில் நூறு வார்த்தை பேசுகிற வாய். அதற்குள் ஒரு கரண்டிக் கஞ்சியைப் போட்டு மூடிக்கொண்டார்.

"சரி டூகி," என்றாள் அவளே. "உன் இஷ்டம். நல்லதா, தரமானதா பாத்து வாங்கு."

டூகி! இந்தச் செல்லப் பெயரை அவள் சும்மா எடுக்கமாட்டாள். முன்னொரு தடவை டூகி என்றாள், அவருடைய மோட்டார் சைக்கிள் காணாமல் போனது. இன்னொரு தடவை டூகி என்றாள், மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். ஆனால் ஜெயித்த மயக்கத்தில் மனிதர் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

மறுநாள் முதலில் இன்வர்னஸ் கடைவீதிக்குப் போனார். வாசலிலேயே ஒலிபெருக்கியில் பைப் வாத்தியம் அலறும் கடை. விற்பனையாளர் கழுத்தில் கட்டம் போட்ட ஒரு டார்ட்டன் டை. அதன் விலைச் சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. டூகல்டுடைய குடும்பப் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"மெக்அஸ்கில்! அடடா, மாவீரர் வம்சம் சார். உங்க வம்சத்துக்குன்னே தனி ஸ்போரன் இருக்கு."

அதே ஸ்போரனைத்தான் ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரருக்கும் அவருடைய வம்சத்து ஸ்போரன் என்று கட்டிக் கொடுத்திருந்தார். டூகல்ட் அதை வாங்கி, ரோமத்தை ஊதிப் பார்த்தார்.

"இது எந்த மிருகம்?"

"அசல் ரோமம் சார்."

"அசல்தான். எந்த அசல்?"

விற்பனையாளர் யோசித்தார். "பிரீமியம்."

பிரீமியம் என்றொரு மிருகம் எந்த மலையிலும் மேய்வதாக டூகல்ட் கேள்விப்பட்டதில்லை. தையல் இருக்க வேண்டிய இடத்தில் பசை. மேலே இருந்த வெள்ளிப் பட்டையைத் தட்டினால் பிஸ்கட் டப்பாச் சத்தம். அன்று மழையில் நனைந்த கையோடு தொட்டிருந்தார். கை கருப்பாகிவிட்டது. வெளியே வந்து, வம்சத்தின் மானத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கைமாவும் உருளைக்கிழங்கு மசியலும் பரிமாறிக்கொண்டே இஷ்பெல் பேச்சைத் தொடங்கினாள். அவளுக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. ஊர்ச் செய்தி எல்லாம் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டுதான் வெளியே போகும்.

"இன்னைக்கு ஃபார்க்குவர் வந்திருந்தான்."

டூகல்டின் கரண்டி நின்றது. ஃபார்க்குவர் பக்கத்து வீட்டுக்காரர். ஆறடி உயரம், அகலத் தோள். கில்ட் கட்டினால் அவருடைய முழங்காலைப் பெண்கள் புகழ்வார்கள். டூகல்ட் கல்யாணத்தில் பாதி விருந்தாளிகள் ஃபார்க்குவர்தான் மாப்பிள்ளை என்று நினைத்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

"அவனுக்கு என்னவாம்?"

"யூனாவோட தோல் பட்டறையில ஒரு ஸ்போரன் பாத்து வச்சிருக்கானாம். நம்ம எல்ஸ்பெத் கல்யாணத்துக்குக் கட்டறதுக்கு. பெருசாம்."

"எவ்வளவு பெருசு?"

"உனக்கு எதுக்கு அது? அதெல்லாம் ஆகிருதி உள்ளவங்களுக்கு. உனக்குச் சின்னதா ஒண்ணு போதும்."

மறுநாளே டூகல்ட் காரை எடுத்தார். காற்று வாங்க என்று இஷ்பெலும் ஏறிக்கொண்டாள்.

யூனாவின் பட்டறை கடலோரத்தில் ஒரு பழைய மாட்டுக்கொட்டகை. உள்ளே தோல் வாசனையும் மெழுகு வாசனையும். டூகல்டுக்குச் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. தோலை விரலால் நீவி, மோந்து பார்த்து, மாட்டின் ஜாதகத்தையே சொன்னார். மலை மேய்ச்சல், இரண்டாவது கன்று, கொஞ்சம் கோபக்காரி. யூனா எல்லாவற்றுக்கும் "அப்படியா!" என்றாள். வியாபாரம் தெரிந்தவள்.

மேஜையில் இரண்டு ஸ்போரன்கள் இருந்தன. ஒன்று சின்னது, அடக்கமானது. டூகல்ட் கோட்டுக்குள்ளிருந்து குப்பியை எடுத்து அதற்குள் இறக்கிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று பெரியது. வெள்ளிப் பட்டையில் முட்பூ வேலைப்பாடு, மூன்று குஞ்சம், உள்ளே இரண்டு அறை. ஒரு கோழியை உட்கார வைக்கலாம்.

"இந்தச் சின்னதையே..." என்று அவர் தொடங்கினார்.

"எனக்குத் தோல் வாசனையில தலைவலிக்குது," என்று இஷ்பெல் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் பட்டறைத் தொலைபேசி அடித்தது.

"ம்... பெருசா? இன்னும் இருக்கு," என்றாள் யூனா. "ஆமா, ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கார். இல்ல, அவர் சின்னதுதான் எடுப்பார்போல. அவருக்கு அதுதான் பொருத்தம்."

டூகல்டின் காது சிவந்தது. "யாரு போன்ல?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது. உங்க பக்கத்து ஆளுதான்."

"பெருச எனக்குப் போடு!"

யூனா தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அவர் கொஞ்சம் சேத்தே தர்றாராம்."

"நானும் சேத்துத் தர்றேன்!"

"அவர் இன்னும்..."

"நான் அதுக்கும் மேல!"

அப்போது இஷ்பெல் எதையோ கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டே உள்ளே ஓடிவந்தாள். "வேண்டாம் டூகல்ட்! அவ்வளவு பெருசு உனக்கு எதுக்கு? சொன்னாக் கேளு!"

அவள் வேண்டாம் என்றதும் அவருக்கு வெறியே வந்துவிட்டது. "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று கூவி மேஜையில் ஓங்கிக் குத்தினார். தனக்கே ஏலம் விட்டு, தானே எடுத்த ஏலக்காரர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். யூனா பையைச் சுற்றிக் கொடுத்தாள். வீடு வரும் வரை இஷ்பெல் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தோற்ற வருத்தம் என்று டூகல்ட் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை கண்ணாடி முன் நின்றார். கில்ட், கோட்டு, முன்னால் வெள்ளி மின்னும் ஸ்போரன், அதற்குள் நிறைந்த குப்பி. பார்க்க ஒரு பிரபுதான். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"டூகி."

பச்சைப் பட்டு கவுனில் இஷ்பெல் நின்றாள். அழகாகத்தான் இருந்தாள். இரண்டு கையும் நிறையச் சாமான்.

"இந்த கவுன்ல பாக்கெட் வச்சா இடுப்பு பெருசாத் தெரியும்னு தையற்காரி வேண்டாம்னுட்டா. கைப்பை தூக்கிக்கிட்டு டான்ஸ் ஆட முடியுமா, சொல்லு?"

மூக்குக் கண்ணாடிப் பெட்டி உள்ளே போனது. டிஷ்யூ, சேஃப்டி பின், ஊசி நூல், லிப்ஸ்டிக், காலில் ஒட்டும் பிளாஸ்திரி, பெப்பர்மின்ட் பொட்டலம். கடைசியில் மடித்து வைக்கும் ஒரு ஜோடிச் செருப்பு. ஒவ்வொன்றும் தனக்கென்று வெட்டி வைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

"என் குப்பி?"

"அத எடுத்து அலமாரியில பத்திரமா வச்சுடறேன். இடம் போதல, பாரு. அந்தச் சின்னதை வாங்கியிருந்தா குப்பிக்கு மட்டும் சரியா இருந்திருக்கும். நீதான் கேக்கல."

சர்ச்சில் மகளைக் கைப்பிடித்து நடந்தபோது அவருக்கு முன்னால் பெப்பர்மின்ட் கிலுகிலுத்தது. மாப்பிள்ளை ரூரி திரும்பினான். அவன் இடுப்பில் நீர்நாய்.

"தாத்தா ஞாபகமா ஏதாவது இருக்கணும்னு எல்ஸ்பெத் ஆசைப்பட்டா," என்று இஷ்பெல் பின்னால் கிசுகிசுத்தாள். இத்தனை வருஷமும் நீர்நாய் டூகல்ட் இடுப்பிலிருந்து ஊரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் நேருக்கு நேர் அவரையே முறைத்தது.

சர்ச்சை ஒட்டிய கூடத்தில் நடந்த விருந்தில் அவருக்கு உட்காரவே நேரமில்லை. "டூகல்ட், ஒரு பின்!" என்று மாப்பிள்ளையின் அத்தை வந்தாள். "டூகல்ட், பிளாஸ்திரி இருக்காமே?" என்று தோழிப்பெண் வந்தாள். பெயர் தெரியாத ஒரு பெண்மணி கேட்காமலே மூடியைத் திறந்து பெப்பர்மின்ட் எடுத்துக்கொண்டு போனாள். அழுவதற்கு வைத்திருந்த கண்ணீரெல்லாம் வற்றிவிட்டது.

மனம் வெறுத்து வெளியே வந்தார். சர்ச்சுக்குப் பின்னால் ஃபார்க்குவர் தனியாக நின்றிருந்தார். பேண்ட் போட்டிருந்தார்!

"கில்ட் எங்கப்பா?" என்றார் டூகல்ட்.

"அட நீ வேற. முழங்கால் வாதம். டாக்டர் குளிர் படக் கூடாதுன்னுட்டார். ரெண்டு வருஷமா பேண்ட்தான்."

"அப்ப ஸ்போரன்? யூனாகிட்ட?"

"எந்த யூனா? பேண்ட்லதான் பாக்கெட் இருக்கே, எனக்கு எதுக்கு ஸ்போரன்?" என்ற ஃபார்க்குவர் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, நிம்மதியாக ஒரு மடக்குக் குடித்தார்.

டூகல்ட் மெல்ல உள்ளே திரும்பினார். நடனம் தொடங்கப் போகிறது. கூடத்தின் அந்தக் கோடியில் இஷ்பெல் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்து, யாரோ கை தூக்கியதுபோல மரியாதையாக ஒருமுறை தலையாட்டினாள்.

பிறகு அருகில் வந்து, மூடியைத் திறந்து, செருப்பை எடுத்து மாற்றிக்கொண்டாள். குதிகால் உயர்ந்த ஜோடியை அவருடைய ஸ்போரனுக்குள் செருகினாள்.

"எப்படியோ, தரமான சாமான்தான் வாங்கினேன்," என்றார் டூகல்ட், மிச்சமிருந்த வீரத்தையெல்லாம் திரட்டி.

"பின்ன? ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்," என்று இஷ்பெல் மூடியை டக்கென்று மூடினாள்.