சிவப்புக் கோடு இல்லாத கடிதம்

இனிமேல் என் எழுத்தில் ஐரிஸ் கை வைக்கக்கூடாது. போன ஒக்ரோபர் முதலாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு, கணினிக்கு முன்னால் இருந்து இந்த முடிவை எடுத்தேன்.

ஐரிஸ் என் மனைவி. முப்பது வருசம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவ. ஓய்வு அவவுக்குத்தான், அவவின் சிவப்புப் பேனைக்கு இல்லை. சந்தைக்குக் கொண்டுபோக நான் எழுதும் மரக்கறிப் பட்டியலைக்கூடத் திருத்தித்தான் கையில் தருவா.

சும்மா சொல்லக்கூடாது, என்னிலும் பிழை இருக்கிறது. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆளை மாறிக் கூப்பிட்டுவிடுவேன். ஒருமுறை சேர்ச் அறிவித்தலில் ‘வெள்ள நிவாரணம்’ என்பதை ‘வெல்ல நிவாரணம்’ என்று போட்டேன். வெல்லம்தான் கேட்கிறார்கள் என்று மூன்று குடும்பங்கள் பனங்கட்டிக் குட்டானோடு வந்து நின்றன.

ஆனபடியால் கணினிக்குத் தமிழ் படிப்பிக்க வெளிக்கிட்டேன். எழுத்துப்பிழை பார்க்கும் வசதி அதில் இருந்ததுதான். ஆனால் அதற்கு எங்களைத் தெரியாது. கிறிஸ்மசை நினைத்து ‘நத்தார்’ என்று அடித்தால் சிவப்புக் கோடு போட்டு ‘நத்தை’யோ என்று கேட்டது. உடுவிலில் இருந்துகொண்டு ‘உடுவில்’ என்று அடித்தேன். அதற்கும் கோடு! இரண்டு கிழமை குந்தியிருந்து எங்கடை சொற்கள் எண்ணூறை அதன் அகராதியில் ஏற்றினேன். அடுத்தது தானியங்கித் திருத்தம். இடப்பக்கப் பெட்டியில் பிழையான சொல், வலப்பக்கப் பெட்டியில் சரியான சொல். பிழையை அடித்து ஓர் இடைவெளி விட்டால் போதும், தானாக மாறிவிடும்.

தேத்தண்ணியோடு ஐரிஸ் வந்தா.

“உது என்ன வித்தை?”

“உம்மடை வேலையை இனி இது பாக்கும். ‘வெல்ல’ எண்டு அடிச்சா ‘வெள்ள’ எண்டு மாத்தும்.”

“அப்ப ஆரையாவது வெல்ல வேணுமெண்டா?”

“இனி ஆரை வெல்ல இருக்கு? உம்மை வெண்டாச்சு.”

“நல்லது. எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லாயும் மாத்தலாமோ?”

“ஓம். எதிர்த்துக் கதைக்காது. சொன்னதைச் செய்யும்.”

“எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்.”

கலியாணம் கட்டி முப்பத்தாறு வருசத்தில் ஐரிஸ் என்னிடம் ஒன்றைப் படிக்கக் கேட்டது அன்றைக்குத்தான். கதிரையில் இருத்தி, பெட்டி பெட்டியாகக் காட்டிக் கொடுத்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. அதனால் என்ன, குருவானேன்!

அடுத்த கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. கனடாவில், றொரன்ரோவில் இருக்கும் ஐரிஸின் தமையன் றோகான், நத்தாருக்கு வந்து எங்களோடு நிற்கலாமா என்று கேட்டிருந்தார். மச்சான் நல்ல மனிதர்தான். போனமுறை பத்து நாள் என்று வந்து ஏழு கிழமை நின்றார். என் அறையில் படுத்தார். விடிய ஐந்து மணிக்கு முழுத் தொண்டையில் கீர்த்தனை பாடினார். நிழல் கூடிப்போச்சு என்று என் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் பாதியைத் தறிப்பித்தார்.

“இஞ்சேருங்கோ, அண்ணையை வரச்சொல்லி நீங்களே ஒரு பதில் போடுங்கோ. எனக்குக் கண் நோகுது.”

“எழுதினாப்பிறகு நீர் பாக்கிறேல்லையோ?”

“என்னத்துக்கு? உங்கடை மிசின் பாக்கும்தானே.”

இப்படியும் ஒரு வாய்ப்பு வருமா! கதவைச் சாத்திக்கொண்டு அடித்தேன். ‘அன்புள்ள மச்சான், இம்முறை நத்தாருக்கு வரவேண்டாம். வீட்டில் வசதியில்லை. விடுதியில் தங்குவதே உங்களுக்குச் சுகம்.’

நான் இரண்டு விரலால் அடிக்கிறவன். கண் விசைப்பலகையை விட்டு எழும்பாது. முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தேன். ஒரு சிவப்புக் கோடு இல்லை! சிவப்பே படாத கடிதம் என் வாழ்நாளில் இதுதான் முதல். இதை வேறு வாசித்துப் பார்க்க வேண்டுமா? அனுப்பினேன்.

மறுநாள் பின்னேரம் மச்சானின் தொலைபேசி அழைப்பு வந்தது.

“லயனல், உம்மை நான் பிழையா விளங்கி வைச்சிருந்தனான். உம்மடை அறையையே தாறன் எண்டு எழுதிப்போட்டீர். வாசிச்சு அழுதுபோனன்.”

அழ வேண்டியது நான். ஓடிப்போய்க் கடிதத்தைத் திறந்தேன். ‘அன்புள்ள மச்சான், இம்முறை நத்தாருக்குக் கட்டாயம் வாருங்கள். வீட்டில் எல்லா வசதியும் உண்டு. என் அறையில் தங்குவதே உங்களுக்குச் சுகம்.’ திருத்தப் பட்டியலைப் பார்த்தேன். ‘வரவேண்டாம்’, ‘வசதியில்லை’, ‘விடுதியில்’ என்று நான் போடாத மூன்று வரிகள் அதில் இருந்தன. நாலாவதாக, ‘நத்தாருக்கு’ என்பதை ‘நத்தாருக்குக்’ ஆக்கவும் ஒரு வரி; ஒரு ‘க்’ கூட விடுபடவில்லை. அவ தமிழ் ரீச்சர்!

“ஐரிஸ்! உது ஆர் பாத்த வேலை?”

குசினியில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை. “பிழையளைத் திருத்தினனான்.”

“நான் உந்தச் சொல்லுகள்தான் போடுவன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?”

“முப்பத்தாறு வருசமா நீங்கள் ஆக்களை வரவிடாமல் சாட்டுச் சொல்லுற கடிதங்களைத் திருத்திறன். உந்த மூண்டு சொல்லை நீங்கள் தாண்டினதில்லை.”

நான் விடவில்லை. “இப்பவே அவருக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லப்போறன். பிளேன் ரிக்கற் இன்னும் எடுத்திருக்கமாட்டார்!”

“ரிக்கற் போன மாசமே எடுத்தாச்சு. வரலாமோ எண்டு உங்களைக் கேட்டு எழுதச் சொன்னதும் நான்தான். உங்கடை பேரிலை ஒரு அழைப்புப் போனா அண்ணை சந்தோசப்படுவார் எண்டு பாத்தன்.”

ஆனாலும் தோற்றதைக் காட்டிக்கொள்ளலாமா? குரலை உயர்த்தினேன். “சரி, என்ரை அறையிலை அவர் படுக்கட்டும். நான் ஹோலிலை படுக்கிறன்!”

“ஹோலிலை எப்பிடி? இந்தமுறை அண்ணையாக்கள் ஏழு பேர் வருகினம். நீங்கள் புத்தூரிலை உங்கடை தங்கச்சி வீட்டை நிக்கிறியள். அவவுக்கும் சொல்லியாச்சு.”