பொம்பளைக்குப் பாதி போதும்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கஞ்சா சாப்பிட்டிருக்கிறேன். அதுவும் கணவருடைய மேனேஜர் வீட்டில், காலை பதினோரு மணிக்கு, கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. (சாப்பிட்டேன் என்பது தப்பு. குடித்தேன். பாலில் அரைத்துக் கலந்து கொடுத்தார்கள்.) அதே பாலைத்தான் என் கணவரும் குடித்தார். அவருக்கு அது வயிற்றில் ஏறியது, எனக்கு நெஞ்சில் ஏறியது. ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு வேறு மாதிரி வேலை செய்யும் சமாச்சாரம் அது என்று எந்த டாக்டர் சொன்னாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் நடந்தது. அவர் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கெமிஸ்ட். கல்யாணமாகி ஏழு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு வருடப் பயிற்சி முடிகிற நேரம், பெரிய மேனேஜர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம்; போடாவிட்டால் பெரம்பலூரில் அவருடைய பெரியப்பா உரக்கடையில் போய் மூட்டை தூக்க வேண்டியதுதான். பெரியப்பா அதற்காகவே ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். எனக்கு அந்தக் கடையின் வாசனையை நினைத்தாலே குமட்டும்.

மேனேஜர் வடக்கத்திக்காரர். ஹோலிப் பண்டிகைக்கு ஆபீஸ் ஆட்களைக் குடும்பத்தோடு பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார். "நாளன்னிக்கு கையெழுத்து. இன்னிக்கு நல்ல பேரு வாங்கணும். இருக்கறதுலயே நல்ல பொடவையா கட்டிக்கோ" என்றார் இவர். ஹோலி என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பொங்கல் மாதிரி என்று நினைத்துக்கொண்டு அரக்குப் பட்டும் ஆரமுமாகப் போய் இறங்கினேன். கேட்டுக்குள் கால் வைத்ததும் ஒரு அம்மாள் ஓடி வந்து என் இரண்டு கன்னத்திலும் ரோஸ் பொடியை அப்பினார். மிச்சத்தை என் புடவை முந்தானையில் துடைத்தார். அதுதான் மேனேஜர் சம்சாரம்.

துடைத்த கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நாலு வருடமாக அரியலூர் காய்கறிக் கடையில் பேசிப் பழகிய தமிழ் அவருக்கு. "அப்பா போச்சு. பாவம். சின்னப் பொண்ணு நீ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் வேப்பமரத்தில் எத்தனை இலை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"எங்கப்பா எங்கங்க போனாரு?"

"மெதுவா பேசு. நாம ஊட்டி போனோம்ல... அந்த அஞ்சு நாளு. லீவு கேட்டா தர மாட்டேன்னுட்டாங்க. அதான்..."

"அதான்?"

"மாமனார் தவறிட்டார்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அடப்பாவி மனுஷா! செயங்கொண்டத்தில் முந்திரிக் கொல்லையில் கல்லு மாதிரி நடமாடிக்கொண்டிருக்கும் எங்கப்பாவைக் கொன்றுவிட்டு, அந்தச் செலவில் எனக்கு ஊட்டியில் கேரட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"ஒங்கப்பாவ எழுத வேண்டியதுதான?"

"எங்கப்பாவ எப்படி எழுதறது? மனசு வரல." (இதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.) "இப்ப தெரிஞ்சா வேலை போயிடும். கொஞ்சம் சோகமா மூஞ்சிய வச்சுக்க."

நான் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் பால் வந்தது. இளம்பச்சை நிறம், மேலே பாதாம், குங்குமப்பூ. பிஸ்தா பால் என்று நினைத்துக்கொண்டோம். ஆண்களுக்கெல்லாம் முழு டம்ளர். பெண்கள் பக்கம் வந்ததும் மேனேஜர் சம்சாரம் அரை அரை டம்ளராக ஊற்றினார்.

"எனக்கு மட்டும் ஏன் பாதி?"

"பொம்பளைக்குப் பாதி போதும். ஆம்பளை முழுசு. பொம்பளைக்கு சீக்கிரம் ஏறும்."

என்ன ஏறும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் நானாக இருக்க மாட்டேனே! எங்கள் வீட்டிலும் அண்ணனுக்கு முழு முட்டை, எனக்குப் பாதி முட்டை என்று பதினெட்டு வருடம் சாப்பிட்டவள் நான். "அவருக்கு எவ்ளோவோ எனக்கும் அவ்ளோ ஊத்துங்க" என்று டம்ளரை நீட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. முழு டம்ளரையும் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பெண்ணுரிமையை நிலைநாட்டிய திருப்தியில் வாயைத் துடைத்துக்கொண்டேன். நல்ல ருசி, சும்மா சொல்லக் கூடாது. இவர் மேனேஜர் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று இரண்டாவது டம்ளரும் குடித்தார்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் பார்த்தால், இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த சோமாசை முடித்தார். பக்கத்துத் தட்டில் இருந்ததை முடித்தார். மேனேஜரின் தட்டிலிருந்தே ஒன்றை எடுத்து, அவருக்கே பாதி பிட்டுக் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நிரந்தர வேலையாவது மண்ணாவது! அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோருமே அரைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்குப் பசி இல்லை. எனக்கு பயம் வந்தது. முதலில் நெஞ்சு படபடவென்று அடித்தது. பிறகு எல்லோரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. மேனேஜர் சம்சாரம் மறுபடி வந்து, "பாவம்" என்று தலையைத் தடவினார். அந்தத் தடவலில்தான் எனக்கு ஞானம் பிறந்தது.

அப்பா உண்மையிலேயே செத்துவிட்டார். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் இந்த மனுஷன் என்னை ஊட்டிக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்! (போன வாரம்கூட அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியது அப்போது எனக்கு ஒரு ஆதாரமாகவே தோன்றவில்லை.) ஐயோ, அந்தக் கேரட்டை எப்படிச் சாப்பிட்டேன் என்று வயிறு பற்றி எரிந்தது. அப்படியே புல்வெளியில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

"என்னப் பெத்த ராசாவே... முந்திரிக் கொல்லையில முன்ன நிக்கும் தெய்வமே... ஊட்டி மலையேறி உல்லாசம் போனேனே... உன் உசுரு போனத ஒருத்தருஞ் சொல்லலியே..."

நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரிச் சத்தம் கேட்டால் சும்மா நிற்க மாட்டார்கள். ஆபீஸ் சம்சாரங்கள் நாலைந்து பேர் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதார்கள். கலர்ப் பொடியும் கண்ணீரும் கலந்து எங்கள் முகங்கள் பார்க்கிற லட்சணத்தில் இல்லை. மேனேஜர் சம்சாரமும் ஒப்பாரியில் ஒரு வரி புரியாமலே வட்டத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இந்த நேரத்தில்தான் எங்கப்பா வந்தார்.

எனக்கு ஒரு பை புது முந்திரிப்பருப்பு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். வீடு பூட்டியிருக்க, பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு பங்களாவுக்கே நடந்து வந்துவிட்டார். கேட்டில் வாட்ச்மேனிடம், "என்னங்க, உள்ள எழவு மாதிரி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"லேப்ல வேலை பாக்கறாரே, அவரு மாமனாராம். பாவம், அந்தப் பொண்ணு துடிக்குது."

"அது நாந்தானய்யா!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. செத்த அப்பா முந்திரியோடு வந்து நிற்கிறார். நான் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்காய்கள் கிளம்பிவிட்டன. எல்லோரும் அப்படியே நின்றார்கள். இவர் மட்டும் வாய் நிறையச் சோமாசோடு எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக ஓடினார்.

"வாங்க மாமா! சாப்ட்டீங்களா?"

அதோடு விட்டாரா? அப்பாவின் தோளில் கை போட்டு மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "சார், மை ஃபாதர்-இன்-லா!" என்றார்.

மேனேஜர் ஆங்கிலத்தில், "இறந்து போனவரா?" என்று கேட்டார்.

"எஸ் சார்! அவரேதான்!"

அத்தனை சந்தோஷமாக ஒரு மனிதன் தன் வேலைக்குத் தானே உலை வைத்து நான் பார்த்ததில்லை. எங்களை ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். அப்பா மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம்தான் இரண்டு பேருக்கும் தெளிந்தது. எனக்கு உரக்கடை வாசனை மூக்கிலேயே நின்றது. நான் பிடிவாதம் பிடிக்காமல் பாதியோடு நிறுத்தியிருந்தால் இவர் பொய் இவரோடு போயிருக்கும். வெட்கத்திலும் பயத்திலும் நிஜமாகவே அழுதேன், இந்த முறை ராகம் இல்லாமல்.

மறுநாள் காலை மேனேஜர் சம்சாரம் ஒரு டப்பா சோமாசு கொடுத்தனுப்பினார். கூடவே டிரைவர் மூலம் ஒரு செய்தி: "பாதின்னு நான் சொன்னேன்ல?" பாலில் என்ன கலந்திருந்தது என்று டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதற்கடுத்த நாள் இவரை மேனேஜர் கூப்பிட்டார். இவர் சாவிக் கொத்தை எல்லாம் ஒப்படைக்கத் தயாராக எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் கையில் உத்தரவு. வேலை நிரந்தரம். தன் வீட்டில் இப்படி ஒரு பாலைக் கொடுத்து ஒரு பெண்ணை அழவைத்ததில் மேனேஜருக்கும் சங்கடம் போலிருக்கிறது. ஆனால் கீழே கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: இவர் லீவு கேட்கும்போதெல்லாம் விண்ணப்பத்தில் மாமனார் கையெழுத்து இருக்க வேண்டும்.

அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார். ஃபைலில் இருந்த வரி போகவில்லை. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, அப்படியே கடைப்பிடித்தார்கள். தீபாவளிக்கு லீவு, பிள்ளைக்குக் காது குத்த லீவு, எதுவானாலும் இவர் பஸ் ஏறிச் செயங்கொண்டம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ரெண்டு நாளு எதுக்கு மாப்ள? ஒரு நாளு போதாதா?" என்று விசாரிப்பார்.

இப்போது அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தினமும் காலையில் எனக்கு ஃபோன் செய்வார். நான் ஹலோ சொல்வதற்குள் முந்திக்கொள்வார்.

"உசுரோடதான் இருக்கேன். மாப்ளைக்கு இன்னிக்கும் லீவு இல்லைன்னு சொல்லிரு."