தரம் பிரித்த கிளட்ச்

சொந்தமாக வண்டி வைத்திருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது மெக்கானிக் ஆகும் ஆசை வந்தே தீரும். சிலருக்கு அது ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பதோடு அடங்கிவிடும். எனக்கு கிளட்ச் வரை போனது.

போடியில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பைக் இருந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மலையடிவாரத்து முந்தல் வரை கேட்கும். வண்டி தெருமுனையைத் தாண்டவே யோசிக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, என் மனைவி கோமதிக்குச் சின்னமனூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். மறுபடி ஒரு வகுப்பறையில் நிற்க வேண்டும் என்று ஏங்கிக் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு அது.

"நான் பஸ்ஸுலயே போயிக்கிறேங்க," என்றாள்.

"நான் இருக்கையில பஸ் எதுக்கு? நாளைக்கு வண்டி பறக்கும் பாரு," என்றேன். (அவள் சர்டிபிகேட்டுகளை எடுத்துவைக்கப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.)

மெக்கானிக்கிடம் விட்டால் திங்கட்கிழமைதான் கிடைக்கும். ஆகவே செல்போனில் ஒரு மலையாள வீடியோவைப் பார்த்தேன். பாதி புரிந்தது. கழற்றுகிற வரிசையிலேயே பரப்பி வை, அதே வரிசையில் திரும்ப மாட்டு என்பது புரிந்த பாதி. ஏன் அந்த வரிசை என்பது புரியாத பாதியில் இருந்தது.

ஆயிலை வடித்து, மூடியைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் ஓர் ஏலக்காய்ச் சாக்கின்மேல் பரப்பினேன். ஒரு கார்க் தட்டு, அடுத்து ஓர் இரும்புத் தட்டு, மறுபடி கார்க், மறுபடி இரும்பு. பிறகு தேய்ந்த கார்க்குக்குப் பதிலாகப் புது கார்க் தட்டுகள் வாங்கத் தேனிக்குப் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து சாக்கைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. கார்க் எல்லாம் ஒரு பக்கம், இரும்பு எல்லாம் ஒரு பக்கம், போல்ட்டுகள் பெரியதிலிருந்து சிறியதுவரை. அவசரத்திலும் எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று வியந்தேன். (யாராவது நம்மைப் புகழ்ந்தால் நாம் விசாரணை நடத்துவதில்லை. நாமே புகழ்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.) புதுத் தட்டுகளை ஆயிலில் ஊறவைத்து, கார்க் அத்தனையும் முதலில், இரும்பு அத்தனையும் அடுத்து என்று சாக்கில் இருந்தபடியே மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் அருமையான சத்தம். மழை தூறியதால் ஓட்டிப் பார்க்கவில்லை.

காலையில் கோமதி சர்டிபிகேட் பையோடு பின்னால் உட்கார்ந்தாள். கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டேன். வண்டி அலறியது. ஒரு முழம் நகர்ந்தது. இன்னும் முறுக்கினேன். தெருவே வெளியே வந்துவிட்டது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன மாப்ள, சத்தம் முன்னாடி போயிருச்சு போல. நீங்க எப்பப் போவீக?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

கோமதி இறங்கினாள். கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸும் போய்விட்டது. அந்த நேரம் சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று தெருமுனையில் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, எள் பொட்டலமும் நல்லெண்ணெயுமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே ஏறிக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆத்திரத்தோடு வண்டியை மறுபடி திறந்தேன். வீடியோவையும் மறுபடி பார்த்தேன். கார்க்கும் இரும்பும் மாறி மாறி நெருக்கிப் பிடித்தால்தான் வண்டி இழுக்குமாம். அப்படியானால் என் சாக்கில் கைவைத்தது யார்?

அம்மா டீயோடு வந்தாள். அம்மாவுக்கு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான். சாக்கில் எது கிடந்தாலும் அவள் கை தானாகவே பெருசு, சிறுசு, சொத்தை என்று பிரித்துவிடும். வீட்டு மிளகாய் வற்றல்கூடத் தப்பாது.

"நேத்து எல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்து கெடந்துச்சுய்யா. நாந்தேன் இங்கன ஒக்காந்து தரம் பிரிச்சு வச்சேன். ஒனக்கு வசதியா இருந்துச்சா?"

வாய்வரை வந்ததை அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். "ரொம்ப வசதியா இருந்துச்சும்மா. நாந்தேன் மாட்டுறப்ப தப்புப் பண்ணிட்டேன்."

தட்டுகளை நான் மறுபடி ஒரு கார்க், ஓர் இரும்பு என்று கலந்து அடுக்குவதைப் பார்த்துவிட்டு அம்மா உள்ளே போனாள்.

வேன்காரர்கள் கோமதியைப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் ஆரம்பித்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் தடங்கல் பண்ற சனீஸ்வரன் என்னைய நேரத்துக்குக் கொண்டு போயி எறக்கிவிட்டாரு. எங்க வீட்டுக்காரவுக வாசல்லயே நின்னு முறுக்கிக்கிட்டு இருந்தாக." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தட்டுகளைப் பிரித்துவைத்தது யார் என்று கோமதியிடம்கூடச் சொன்னதில்லை.

போன மாதம் மிக்ஸி கெட்டுப்போய், அதைக் கழற்றிச் சாக்கில் பரப்பினேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இறுகச் சுற்றி வைத்திருந்தாள்.

"என்னம்மா, குளிருதா?"

"இல்லய்யா. என் கை சும்மா இருக்காது. திரும்பவும் நான் தரம் பிரிச்சு வைக்க, நீ பழிய ஏத்துக்கிட வேணாம்ல."